மூச்சு வாங்குவதேன்?

தோழர்களே! உயர்ந்த மலை ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. அங்கேயே சில வாரம் தங்கினால் தேறிவிடுகிறான். மலைத்தெய்வத்தின் அருளென்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. ஆனால் நாம் ஏன் என்று கேட்போம்.

உயிரணு, சர்க்கரையைப் பிராணவாயுவின் உதவியால் எரித்தால் ஒரு மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் கிடைக்கிறது. வாயு குறைந்தாலோ, வாயுவில்லாமலே சர்க்கரையை உடைத்துக் காலம் தள்ளுகிறது. அப்போது வரும்படி 2 தான்! ஆகவே சர்க்கரைச் செலவு பெருகுகிறது. சிறுநீரகமும் எரித்ரோபொய்ட்டின் என்பதைச் சுரந்து, இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கச் செய்கிறது.

இவ்வளவையும் ஏவுவது ஹிஃப் என்னும் புரதம். உயிரணு வாயுவின் அளவை அறிந்து நடப்பதெப்படி என்று கண்டதற்காக கெயிலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவர் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்றுநோய்க் கட்டிகள் பலவும் இந்த ஏவலைப் பயன்படுத்தியே வாயு குறைந்த இடத்திலும் வளருகின்றன. அந்த வழி தெரிந்ததால் அதை அடைக்கவும் முடிந்தது. ஹிஃப் வேலையைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்னும் மருந்து, பரம்பரையாய் வரும் ஒருவகைக் கட்டிநோய்க்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

அருளென்று நாம் அன்றே வாய்மூடியிருந்தால், தோழர்களே, இந்த மருந்து வந்திருக்குமா?