துணி துவைக்கும் நீரும் வீட்டுக் கழிவுத் தொட்டியும்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலர், லயத்துப் பொதுக் குழாயடியில் துணி துவைத்தவர்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடிவிடும். எங்கே போகிறது என்று நாம் கேட்டதில்லை. இன்று பல வீடுகளில் கழிப்பறைக்குப் பின்னால், மண்ணுக்கடியில் ஒரு கழிவுத் தொட்டி இருக்கிறது. சலவை இயந்திரமும் வந்துவிட்டது. இவ்விரண்டும் ஒத்துப்போக வேண்டுமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தொட்டிக்குள் விழும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானது அடியில் மண்டியாகத் தங்கும். எண்ணெய்ப் பசை மேலே ஆடைபோல் மிதக்கும். நடுவிலுள்ள நீர்தான் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மண்டியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைக்கின்றன. இதற்கு நீர் ஒரு நாளாவது தொட்டியில் அமைதியாக நிற்க வேண்டும்.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். வாரத்துத் துணி முழுவதும் அன்றுதான்! மேல்மூடி இயந்திரம் ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேலும் தண்ணீர் இழுக்கும். ஆறு தடவை ஓட்டினால் அறுநூறு லிட்டர். தொட்டியோ இரண்டாயிரம் லிட்டர் கொள்வது, அதில் பாதி மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காலையில் பாயும் தண்ணீர் மண்டியைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். மழை நாளில் மண்ணும் ஊறியிருந்தால், குழந்தைகள் விளையாடும் வாசலிலேயே நாற்றம் தொடங்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் இன்னும் ஆபத்து. ஆகவே, தாய்மார்களே, தினம் ஒன்று இரண்டு தடவையாகப் பிரித்துத் துவையுங்கள். சலவைத்தூளை அளந்து போடுங்கள். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்பது வெறும் நம்பிக்கை. வெளுப்புத் திரவத்தைப் புட்டியோடு கவிழ்த்தால் நுண்ணுயிர்களும் மடியும்.

ஒரு விஷயம். நம் நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் கழிப்பறை நீர் மட்டுமே தொட்டிக்குப் போகிறது. குளியல், சலவை நீர் கால்வாய்க்குப் போகிறது. உங்கள் வீட்டுக் குழாய் எதில் சேருகிறது என்று முதலில் பாருங்கள். கால்வாய்க்குப் போகிறதென்றால், அதை நீங்களாகத் தொட்டியோடு இணைக்க வேண்டாம். கால்வாய் நீரும் ஆற்றில்தான் சேருகிறது. 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மலாக்காவே தண்ணீருக்குத் தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செம்பனையில் மருந்து தெளிக்கும் சகோதரிகளுக்கு முக்கியமாகச் சொல்கிறோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 சனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. தெளித்த உடுப்பைக் குழந்தை உடுப்போடு ஒரே வாளியில் ஊறப்போடாதீர்கள். கையுறை அணிந்து, தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போடுங்கள். துவைத்த வாளியையும் நன்றாக அலசுங்கள்.

மண்டி நிறைந்த தொட்டிக்கு எந்தச் சிக்கனமும் உதவாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மண்டியை எடுத்துவிடும்படி இண்டா வாட்டர் நிறுவனம் கூறுகிறது. தோட்ட வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. லயத்துத் தொட்டி நிறைந்தால் பல குடும்பங்கள் சேர்ந்து அலுவலகத்தில் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பணம் மிச்சம் என்று வீட்டு ஆண்கள் மூடியைத் திறந்து உள்ளே இறங்க விடவே விடாதீர்கள். அங்குள்ள வாயு ஒரு மூச்சில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குபவரும் மீள்வதில்லை. குழாய் வைத்து உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.