கேட்காமல் வந்த விதை

2020இல் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா வீடுகளுக்கு யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. ஆராய்ந்தபோது பல கடுகு, புதினா, செம்பருத்தி. "அப்படியானால் நட்டால் என்ன?" என்று தோன்றும். கடுகு என்று தெரிந்தாலும் அதன் தோலுக்குள் ஒளிந்திருக்கக்கூடிய பூஞ்சணமும் வைரசும் கண்ணுக்குத் தெரியாதே! 1869இல் தலைகாட்டிய இலைத்துரு என்ற பூஞ்சண நோய் நம் இலங்கை மலைநாட்டுக் கோப்பியையே முடித்துவிட்டது. நோய் இல்லாவிட்டாலும் செடியே தொல்லையாகலாம்: ஹோர்ட்டன் சமவெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கோர்ஸ் என்ற மஞ்சள்பூ முட்செடியை வெட்டினாலும், அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கிறது.

நோர்வூட்டில் லயத்து மரக்கறித் தோட்டத்துக்கும் தேயிலை மலைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கான்தான்; நோயோ களையோ எளிதில் தாண்டிவிடும். விதையைக் குப்பையில் வீசினாலும் மழைக்கு முளைத்துவிடும். ஆகவே இப்படிப் பொட்டலம் வந்தால் பிரிக்காமல், முகவரி எழுதிய உறையோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள்.