உத்தரவு வந்தால் பணம் வந்துவிடுமா?

(பிராட்வே தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளோடு ரயிலேறி நம்மைத் தேடி வந்தார். புருஷன் இதே கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஜீவனாம்ச உத்தரவு. மாதம் 4,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி இரண்டு வருஷமாகிறது. ஒரு காசு வரவில்லை. "கோர்ட்டே சொல்லிவிட்டதே, பணம் தானாக வரும் என்றிருந்தேன் அண்ணாச்சி" என்றார்.

தானாக வராது, தாய்மார்களே. பழைய 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியது, கெடு மாறவில்லை. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுப் போடவேண்டும். தவறினால் அந்த மாதத்துக்கு வாரண்டு கிடையாது. முதல் வருஷத்து 48,000 ரூபாய்க்கு இந்தச் சகோதரிக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே இதை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம்.

மிச்சத்துக்கு வழி உண்டு. உத்தரவு எந்த ஊரில் பிறந்தாலும், ஆள் இருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கலாம். கொச்சிக்கு ஓடி வந்தால் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். உத்தரவு நகலுக்குப் பணம் கேட்கக் கூடாது. இலவச வக்கீல் வைத்துக்கொள்ள 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பும் இல்லை. கொடுக்காதவரை, பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம். "ஜெயிலுக்குப் போனால் கணக்குத் தீர்ந்தது" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். தீராது. ஜெயில் வசூலுக்கான வழிதானே தவிரக் கடனை அடைப்பதாகாது என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தச் சகோதரி இதற்கு முன்பும் ஒருமுறை இங்கே வந்திருக்கிறார். "அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது போலீஸ் அல்ல, முதலாளி அல்ல, நாம்தான். ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்கலாமா என்றோம். பசியோடு திரும்பிப் போன அந்தப் பிள்ளைகள் எந்த ஊர்?

அந்தத் தோழர் இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமை காலை அவர் சம்சாரம் மனுப் போடப் போகிறார், நம்மில் இரண்டு பேர் கூடப் போகிறோம். அதற்குள் அவர் பணத்தோடு வந்தால், ரசீது எழுத நாங்கள் ஞாயிறு இரவு சங்கத்தில்தான் இருப்போம்.