பட்டா இல்லாதவர் கையில் ஒரு கருவி

(டோல்கேட்டில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"டோல்கேட்டுல போய் விவசாயத்தப் பத்திப் பேசப்போறியா?" என்று காலையில் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இந்தச் சாலையில் நாற்றங்காலுக்கு எங்கே போவது?

ஆனால் தோழர்களே, நமக்கும் வயலுக்கும் உறவு இருக்கிறது. எண்ணூரில் உரம் தயாராகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், அந்த உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். அந்த உரம் போய்ச் சேருகிற வயலிலோ நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

இன்னொரு உறவும் உண்டு. என் தாத்தா பொன்னேரிப் பக்கம் பண்ணை வேலை செய்தவர். ஹார்பரில் மூட்டை தூக்க இங்கே வந்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் வீட்டிலும் இதே கதை இருக்கும்.

1918இல் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாக இருப்பதுதான் நோய் என்று மற்றவர்கள் சொன்னபோது, அளவை மட்டும் வைத்து நிலத்தை எடைபோடாதீர்கள், அதில் இறங்குகிற மூலதனத்தையும் கருவிகளையும் பாருங்கள் என்று வாதாடினார். நிலத்தில் வேலையின்றித் தேங்கி நிற்கும் கைகளைத் தொழில்துறை உள்வாங்க வேண்டும் என்றார். நம் தாத்தாக்கள் அப்படித்தான் இங்கே வந்தார்கள். நூறு ஆண்டு கழித்து, அவர்களுடைய பேரன் ஒருவன் வயலுக்கான கருவியை இங்கே உட்கார்ந்து செய்தால் என்ன ஆகும்?

என் நண்பன் ஒருவன் செய்தான். டிப்ளமோ படித்தவன், இதே பகுதிக்காரன். மண்ணில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மோட்டார் போட வேண்டுமா வேண்டாமா என்று செல்போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி. அதைத் தூக்கிக்கொண்டு தொழில்முனைவோருக்கு உதவுகிற ஒரு மையத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். அங்கே யாரும் சாதி கேட்கவில்லை. மரியாதையாக நடத்தினார்கள். ஒரே ஒரு கேள்விதான்: "உங்க நிலத்துல ஒரு போகம் வெச்சுப் பாத்தீங்களா தம்பி?"

அவனுக்கு நிலம் இல்லை. அப்பாவுக்கு இல்லை. சித்தப்பாவுக்கு, மாமாவுக்கு யாருக்கும் இல்லை. "சொந்தக்காரங்க நிலமாச்சும் இருக்குமே?" என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிறகு வங்கிக்குப் போனோம். அங்கே அடமானத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சாதி எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் பட்டா கேட்டார்கள்.

பட்டா நம்மிடம் ஏன் இல்லை? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அன்று இந்தத் திருவொற்றியூரும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். இன்றைய நிலப் பதிவேட்டை அப்படியே கணினியில் ஏற்றினால், அந்தப் பறிப்பும் சேர்ந்தே ஏறும்.

இப்போது நடப்பது அதுதான். 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. விவசாயிகளுக்கு ஆதார் போல ஒரு அடையாள எண் கொடுக்கிறார்கள். அந்த எண் நிலப் பதிவேட்டோடு இணைக்கப்படுகிறது. 2019இல் வந்த ஆண்டுக்கு 6,000 ரூபாய் திட்டமும் நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். குத்தகைக்குப் பயிரிடுபவரும் கூலிக்கு நடவு நடுகிற அக்காவும் இந்தக் கணக்கில் விவசாயியே இல்லை.

அவர்களைத் தேடி டிஜிட்டல் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்கு வந்தது. 2023 ஜனவரி முதல், நாளைக்கு இரண்டு முறை வேலையிடத்தில் நிறுத்திப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நிலம் உள்ளவருக்கு டிஜிட்டல் என்றால் சேவை, நிலம் இல்லாதவருக்குக் கண்காணிப்பு.

அதனால் வேளாண் தொழில்நுட்பம் செய்யும் சிறு நிறுவனங்களை ஆதரிப்போம் என்று யார் சொன்னாலும், யாருடைய நிறுவனம், யாருக்கான கருவி என்று கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 30 கோடி ரூபாயில் புத்தொழில் நிதி அறிவித்தது. கடன் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், நிறுவனத்தில் அரசே பங்கு போடுகிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மூலதன மானியம் உண்டு. இவை நல்ல திட்டங்கள். ஆனால் பணம் கிடைத்த பிறகும் என் நண்பன் கருவியை எந்த மண்ணில் நட்டுச் சோதிப்பான்?

மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களிலும் அரசு விதைப் பண்ணைகளிலும், நிலமில்லாத முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் சோதனை செய்ய இடம் ஒதுக்க வேண்டும். இரண்டு, விவசாயி எண் குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் வேண்டும். அவர்கள் கணக்கில் வந்தால்தான் அவர்களுக்கான கருவியை ஒருவர் செய்து விற்க முடியும். மூன்று, கூலிக் கணக்கு, வெயில் எச்சரிக்கை, பூச்சிமருந்துப் பாதுகாப்பு என்று உழைப்பவருக்காகச் செய்யப்படும் கருவிகளை அரசே முதல் ஆளாக வாங்க வேண்டும்.

நமக்குள்ளும் ஒன்று சொல்லிக்கொள்வோம். நம் ஆள் ஒருவர் முதலாளி ஆகிவிட்டால் போதும் என்று நிறுத்திவிட முடியாது. 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையுமே எதிரிகள் என்றார். நாம் செய்யும் ஆப்பும் நடவு நடுகிற அக்காவைப் படம் பிடித்து மேலே அனுப்பத்தான் என்றால், அதை நம் ஆள் செய்தால் என்ன, வேறு யார் செய்தால் என்ன?

என் நண்பனுடைய கருவி இப்போது அவன் வீட்டு மாடியில், ஒரு பெயிண்ட் டப்பா மண்ணில் செருகி இருக்கிறது. வெண்டைச் செடி ஒன்று வைத்திருக்கிறான். செய்தி சரியாக வருகிறது. அதற்கு ஒரு ஏக்கர் நிலம் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.