உறங்குவோர்க்குக் காவல்



மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ அறுவை அரங்கின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரைக் கேட்டால், அறுவை மருத்துவரின் பெயரை உடனே கூறுவர். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் அறியார். கத்தி பிடித்த கையை நினைவில் வைக்கும் உலகம், மூச்சைக் காத்த கையை மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கப்பட்டோருள் ஒருவர் ஆலிஸ் மகாவ் என்னும் அமெரிக்கச் செவிலியர்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்ய இயலும் என்பதை உலகறியக் காட்டினார். ஆயினும் 1848இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை நீக்குவதற்காகத் தரப்பட்ட குளோரோஃபார்மால் உயிரிழந்தாள். வலியைப் போக்கும் மருந்து உயிரையும் போக்கவல்லது என்பது அன்றே தெளிவாயிற்று. இருந்தும் பல்லாண்டுகள் இப்பணி இளம் பயிற்சியாளரிடமே விடப்பட்டது. அவர் கண்களோ நோயாளியின் முகத்தைவிட அறுவையின் மேலேயே அதிகம் சென்றன.

இந்நிலையில் 1893இல், மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரின் புனித மேரி மருத்துவமனையில், மேயோ சகோதரர்களுக்குத் துணையாக ஆலிஸ் மகாவ் இப்பணியை ஏற்றார். முகமூடித் துணியின்மேல் ஈதரைத் துளித்துளியாக விடுவதே அவர் முறை. மூச்சு, நாடி, முகநிறம், கண்மணி ஆகியவற்றை இடையறாது நோக்கி, நோயாளிக்கேற்ப அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தார். அஞ்சி நடுங்குவோரிடம் கனிவாகப் பேசிப் பேசியே உறக்கத்துள் அழைத்துச் சென்றார். அச்சம் தணிந்தால் மருந்தும் குறைவாகவே போதும் என்பது அவர் கண்ட உண்மை.

கண்டவற்றை அவர் எழுதியும் வைத்தார். 1906இல் வெளியிட்ட கட்டுரையில், 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களில் மயக்க மருந்தால் நேர்ந்த இறப்பு ஒன்றுமில்லை என்று பதிவு செய்தார். விரல்நுனியில் நாடி பார்த்த அக்காலத்தில் இஃது அரிய செயல். சார்லஸ் மேயோ அவரை மயக்கவியலின் அன்னை என்று போற்றினார்.

ஒருவர் திறமை அவரோடு முடியாதிருக்கக் கல்வி வேண்டும். அகதா ஹாட்ஜின்ஸ் என்னும் செவிலியர் 1915இல் கிளீவ்லாந்து நகரில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்; 1931இல் மயக்கவியல் செவிலியர் சங்கத்தையும் நிறுவினார். மருத்துவர் அல்லாதார் இதனைச் செய்யலாமா என்ற வழக்கும் எழுந்தது. மருத்துவரின் மேற்பார்வையில் செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது சட்டத்திற்கு மாறானதன்று என 1936இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அந்நாட்டில் இத்துறைக்குப் புதிதாக வருவோர் முனைவர் நிலைப் பட்டம் பெறவேண்டும்.

நம் நாட்டில் வழி வேறு. இங்கே மயக்க மருந்து கொடுப்பது அத்துறையில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பு. செவிலியரும் தொழில்நுட்பரும் அவருக்குத் துணைநிற்பர். ஐதராபாத்தின் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்னும் பெண்மணி, 1889 முதலே குளோரோஃபார்ம் கொடுக்கும் பணியில் ஈடுபட்டு, இத்துறையில் முன்னோடியாக விளங்கினார்.

காப்பவர் எவராயினும், உண்மையை அவரிடம் கூறுவது நம் கடன். உண்ணும் மாத்திரைகள், ஆடும் பல், முன்பு கண்ட ஒவ்வாமை ஆகிய எதனையும் மறைத்தல் ஆகாது. அறுவைக்குமுன் பட்டினி இருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மயங்கிய நிலையில் இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுள் புகுந்தால் உயிருக்கே தீங்கு. மகன் மனமிரங்கித் தந்த ஒரு குவளைக் காப்பியும் அத்தீங்கை விளைக்கலாம். நோன்பின் அருமை அறிந்த இவ்வவையோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பல நாள் நோன்பிருந்து உடலில் நீர் வற்றியிருந்தால், மயக்கத்தின்போது இரத்த அழுத்தம் தாழக்கூடும். ஆதலால் நோன்பிருந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நலம்.

அடுத்தமுறை நம் இல்லத்தார் எவரேனும் அறுவைக்குச் செல்ல நேர்ந்தால், மயக்க மருந்து கொடுப்பவரின் பெயரையும் கேட்டறிவோம். வீடு திரும்பும் நாளில் அவருக்கும் நன்றி சொல்வோம்.