இரட்டை விசை வண்டியும் நம் நெடுஞ்சாலையும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதியினராகிய நம்மவரிற் பலர் புதுக் கார் வாங்கக் கடன் விசாரித்து வருதலின், ‘ஹைபிரிட்’ எனப்படும் இரட்டை விசை வண்டியைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

1997இல் ஜப்பானில் டொயோட்டாவார் பிரியஸை வெளியிட்டனர். 1999இல் ஹோண்டாவார் இன்சைட்டைக் கொணர்ந்தனர். அப்போட்டி 2022இல் நம் நாட்டிலும் மூண்டது. ஹோண்டா சிட்டி லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர் என்றது. மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் 27.97 என்றன. பின்னிரண்டும் பிடதியில் ஒரே ஆலையிற் பிறந்தவை. உடன்பிறந்தார் போட்டி போலும்! இவை சோதனைக் கணக்கென்பதை மறவற்க.

பிரேக்கிடுங்கால் வீணாகும் விசையை மின்கலம் ஈர்த்துவைத்து, மீளப் புறப்படுகையில் தருகின்றது. நெரிசலில் நிற்கையில் எஞ்சின் ஓய்கின்றது. ஆகவே நின்று நின்று செல்லும் நகர வீதியிலேயே இதன் பயன் பெரிது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓடும் நாற்கரச் சாலையில் பிரேக்கிற்கு வேலை ஏது? மிச்சம் சுருங்கும். விலையோ சாதாரண வண்டியினும் இலட்சத்திற்கு மேல் மிகுதி. சென்னைத் தெருக்களில் ஓட்டுவோர் தாராளமாக வாங்குக. நெடுஞ்சாலையே கதியென்போர், கடன்பத்திரத்திற் கையொப்பமிடுமுன், தம் வண்டி நாளொன்றுக்கு எத்தனைமுறை நிற்கின்றதென எண்ணிப் பார்ப்பாராக.