கூலியை எதைக்கொண்டு அளப்பது?
(தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் என்றால் ஏதோ படித்தவர்களுக்கே உரிய சாத்திரம் என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மளிகைக்கடைப் பற்று நோட்டை மாதாமாதம் கூட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தொழிலாளியும் பொருளாதாரம்தான் படிக்கிறான். இன்று இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூலி உயர்ந்ததா இல்லையா என்று எப்படி அறிவது? கூலியை உயர்த்தினால் விலைவாசி ஏறிவிடும் என்று முதலாளிமார் சொல்வது மெய்தானா?

பணக்கூலியும் மெய்க்கூலியும்

கையில் வாங்கும் ரூபாய் பணக்கூலி. அந்த ரூபாய்க்குக் கிடைக்கும் அரிசி, பருப்பு, துணிதான் மெய்க்கூலி. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். நாள் கூலி 500 ரூபாய், அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உழைப்புக்கு 10 கிலோ அரிசி. பிறகு கூலி 550 ஆகிறது. அரிசி 60 ஆகிறது. இப்போது 9 கிலோவுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கூலிச் சீட்டில் 50 ரூபாய் ஏறியது. வீட்டில் முக்கால் கிலோவுக்கு மேல் அரிசி குறைந்தது!

கீழத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் இதை ஏட்டில் படிக்கவில்லை. நெல்லாகக் கூலி வாங்கியவர்கள், நெல்லாலேயே அளந்தார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுப் போராடினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் குடிசைக்குத் தீ வைத்து 44 உயிர்களைப் பறித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் மிகுதி. அரைப்படி நெல்லின் பொருளாதாரம் பண்ணையாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை மறவாதீர்கள்.

ரூபாயில் கூலி வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு? பஞ்சப்படி. மத்திய அரசின் லேபர் பீரோ மாதந்தோறும் விலைவாசிப் புள்ளி வெளியிடுகிறது. 2016ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்து எண்ணும் முறை 2020இல் வந்தது. புள்ளி ஏறினால் பஞ்சப்படியும் ஏறவேண்டும். ஆனால் பஞ்சப்படி ஏறுவது கூலி உயர்வு ஆகாது. விலைவாசி பறித்ததைத் திரும்பப் பெறுவது, அவ்வளவே.

விலையை ஏற்றுவது கூலியா?

இரண்டாவது கேள்வி பழைய கேள்வி. 1865 ஜூனில் லண்டனில், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் வெஸ்டன் என்ற உறுப்பினரே இப்படி வாதித்தார்: கூலி உயர்ந்தால் விலை உயரும், ஆகவே கூலிப் போராட்டத்தால் பயனில்லை. காரல் மார்க்ஸ் இரண்டு கூட்டங்களில் அதற்குப் பதில் கூறினார். ‘கூலி, விலை, லாபம்’ என்று நாம் படிப்பது அந்த உரையே.

மறுபடியும் ஒரு கணக்கு. ஒரு கிலோ நூல் 300 ரூபாய். பஞ்சு, மின்சாரம், எந்திரத் தேய்மானம் 240 என்போம். மீதி 60 ரூபாய் உழைப்பு புதிதாகச் சேர்த்த மதிப்பு. அதில் கூலி 20. முதலாளி பக்கம் 40. வங்கி வட்டியும் வாடகையும் இந்த 40இலிருந்தே போகின்றன. கூலியை நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் 2 ரூபாய். முதலாளி பங்கு 38 ஆகிறது. நூல் விலை ஏன் ஏறவேண்டும்? 302க்கு விற்க முடியுமானால் அவர் நேற்றே விற்றிருப்பாரே! நம்முடைய கூலி உயர்வுக்காகவா காத்திருந்தார்?

ஆக, சண்டை விலையைப் பற்றியதல்ல. அந்த 60 ரூபாயைப் பங்கிடுவதைப் பற்றியது. ஒருவர் பங்கு ஏறினால் மற்றவர் பங்கு இறங்கும்.

ஆகவே, அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகுமுன் மூன்று கணக்குகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். சென்ற ஒப்பந்தத்தன்று நமது கூலி எத்தனை கிலோ அரிசி? இன்று எத்தனை? புள்ளி ஒன்றுக்குப் பஞ்சப்படி எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? புள்ளியோடு இணைக்காமல் மொத்தமாக ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டால், மை காய்வதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிடும்.

கூலிப் போராட்டத்தோடு நின்றுவிடாதீர்கள், கூலி முறையையே ஒழிப்பதை இலட்சியமாகக் கொள்ளுங்கள் என்று அதே உரையில் மார்க்ஸ் தொழிலாளருக்கு எடுத்துரைத்தார். அந்த நெடும் பயணத்துக்கு முதல் படி, நம் கூலியை நாமே அளக்கக் கற்பது!